அம்மா வீட்டு அழுக்கு

"குடிகாரன் வீடா இது?" என்று அவள் கம்ப்யூட்டர் திரையைக் காட்டிக் கேட்டான் பளபளா.

"ஏன் அப்படிக் கேக்கற?"

"சாவி ஓட்டையைப் பாரு. சுத்திலும் கீறல். சாவி உள்ள போறதுக்குள்ள ஆளு ஒரு ஆட்டமே ஆடியிருக்கான்."

"குடிகாரனும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கம்மா வீட்டுக் கதவு. போட்டோ எடுத்து அப்படியே வரைஞ்சேன்."

"அப்ப உங்கம்மா..."

"வாயைக் கழுவு."

அவன் சிரித்துக்கொண்டே நாற்காலியை உருட்டித் தன் மேசைக்குத் திரும்பினான்.

பளபளா என்பது அலுவலகம் வைத்த பெயர். சினிமாவுக்காகக் கம்ப்யூட்டரில் வீடு, வண்டி, நாற்காலி, வாளி என்று எதைக் கேட்டாலும் உருவம் செய்து கொடுப்பவன் அவன். அவன் கையிலிருந்து வருவதெல்லாம் அப்போதுதான் கடையில் உறை பிரித்த மாதிரிப் பளபளவென்று இருக்கும். அதை வாங்கி அழுக்காக்குவது அவள் வேலை. துரு, தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, கீறல், தேய்மானம். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு: அழுக்கு. "அழுக்கு வந்தாச்சா?" என்பார்கள். "அழுக்கு சாப்பிடப் போயிருக்கு" என்பார்கள். வெளியாள் யாராவது கேட்டால் அடிதடி ஆகிவிடும். அங்கே அது செல்லப் பெயர்.

அழுக்குப் போடுவதற்குக் கம்ப்யூட்டரிலேயே ஒரு பட்டன் இருக்கத்தான் செய்கிறது. அதை அழுத்தினால் விளிம்பெல்லாம் பெயிண்ட் உதிரும், மூலையெல்லாம் தூசி சேரும், வேலை முடிந்தது. அவள் அதைத் தொடமாட்டாள். "எல்லா விளிம்பும் ஒண்ணு போலத் தேய்ஞ்சா அது வீடா? எலி கொறிச்ச பிஸ்கட்" என்பாள். "ஒவ்வொரு கறைக்கும் ஒரு ஆளு வேணும். யாரு தொட்டாங்க, எந்தக் கையால தொட்டாங்க, எதுக்காகத் தொட்டாங்க? பதில் சொல்லத் தெரியலன்னா அந்தக் கறையை அழிச்சிடு." புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் இந்தப் பாட்டைக் கேட்டவர்கள்தான்.

இந்தப் படத்தில் ஒரு வயதான அம்மா ஒரு பழைய வீட்டில் தனியாக வாழ்கிறார். படம் முழுக்க அந்த வீடுதான். நடிகை பச்சைத் துணிகளுக்கு நடுவே நடந்து, உட்கார்ந்து, எழுந்து போய்விட்டார். அவரைச் சுற்றி வீட்டை வைக்க வேண்டியது இவர்கள் பொறுப்பு.

"தனியா இருக்கற அம்மா வீடுன்னா நான் எங்க போய்த் தேடணும்? கையிலேயே வச்சிருக்கேனே" என்று காமிராவை எடுத்துக்கொண்டு அவள் வாராவாரம் அம்மா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

"வந்துட்டியா பாப்பா? உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

"என்னம்மா?"

"அழுக்குதான். அடுப்புக்குப் பின்னாடி பாரு. தொடைக்கவே இல்ல. சந்தோஷமா?"

பாப்பாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது.

இதே அம்மா ஒரு காலத்தில் எப்படி இருந்தவள் என்று தெரிந்தால்தான் இந்தப் பேச்சின் அதிசயம் புரியும். விருந்தாளி எழுந்து செருப்பு மாட்டுவதற்குள் அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துவிடுவாள். அப்பா உயிரோடு இருந்தவரை அவர் முன்னே போக, இவள் துணியோடு பின்னே போவாள். "சுவத்துல கை வைக்காதே" என்பது அந்த வீட்டில் வணக்கம் சொல்வதைப் போல. அந்த வீட்டுத் தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று எதிர்வீட்டில் கேலி செய்வார்கள். மகள் இந்த வேலையில் சேர்ந்தபோது, "படிச்சு முடிச்சு அழுக்குப் பண்ற வேலையா? அதை நீ தவழற வயசுலேயே ஓசியாப் பண்ணினியே" என்றாள். அப்படிப்பட்டவள் இப்போது மகளின் தொழிலுக்காக வீட்டைத் துடைக்காமல் வைத்திருக்கிறாள்! மகளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அம்மாவுக்குத் தன் வேலை பிடித்துவிட்டது.

சுவிட்சுப் பலகையைச் சுற்றி அகலமாகக் கை எண்ணெய். அடுப்புத் திருகில் கத்தியால் வெட்டிய ஒரு தடம்.

"இது எதுக்கும்மா?"

"உன் சினிமாவுக்கு நல்லாருக்கும்னுதான்."

எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது அந்தக் கோடு. படுக்கை அறையிலிருந்து சமையலறைக்குப் போகும் நடையில், சுவரின் இடுப்பு உயரத்தில், பழுப்பாக ஒரு பட்டை. கதவு வரும் இடத்தில் விட்டுப்போய், நிலைக்கட்டையில் ஏறி, மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடியது. எந்தப் பட்டனாலும் அப்படி ஒன்றைப் போட முடியாது.

"அம்மா, இது எப்படி வந்துச்சு?"

"நான்தான். இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உனக்காகக் கையைத் தேய்ச்சுக்கிட்டே போறேன். கோடு நேரா வந்திருக்கா?"

"ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கும்மா."

"அப்ப சரி."

யார், எந்தக் கை, எதற்காக. மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டதால் அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. அம்மா டீ ஊற்றும்போது தம்ளருக்குள் விரல் வைத்துக்கொண்டாள். "சூடு பாக்கறேன்" என்றாள். மகள் காமிராவில் கண்ணை வைத்துக்கொண்டு "ம்" என்றாள்.

"என் சுவர் சினிமாவுல வருது" என்று அம்மா பால்காரரிடமும் எதிர்வீட்டிலும் ஃபோனில் மகனிடமும் சொல்லி முடித்திருந்தாள்.

"கடைசியில வெட்டிட மாட்டாங்களே பாப்பா?"

"வெட்ட மாட்டாங்கம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா. உன் கோடு இல்லாம அந்த வீடே இல்ல."

டைரக்டர் வேலையைப் பார்க்க வந்தது ஒரு பகல் வேளையில். சின்ன அறை, பெரிய திரை, ஜன்னலில் கறுப்புத் திரைச்சீலை. சத்தம் போடாத மனிதர். திரையில் அந்த நடிகை நடை வழியாகச் சமையலறைக்குப் போனார். பக்கத்தில் கோடும் கூடவே போனது.

"நிறுத்துங்க. இந்தச் சுவரைச் செஞ்சது யாரு?"

பளபளா அவள் தோளைத் தட்டினான். "அழுக்கு சார். அதாவது, இவங்க."

"பிரமாதம்மா. எங்க பெரியப்பா வீட்டுக்குள்ள போய்ட்டு வந்த மாதிரி இருக்கு. ஆனா இதை எடுத்துடணும்."

"ஏன் சார்?"

"என் கதையில வர்ற அம்மா ஜன்னல்கிட்ட உக்காந்து ஊசியில நூல் கோக்கறாங்க. இது கண்ணு தெரியாதவங்க வீடும்மா."

யாரோ குளிர்சாதனத்தைக் குறைத்தார்கள்.

"பெரியப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போச்சு. யார்கிட்டயும் மூச்சு விடல. கடைசியில வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன்தான் கண்டுபிடிச்சான்." அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "இதோ சுவிட்சு. கண்ணு தெரிஞ்சவங்க கை நேரா பட்டனுக்குப் போகும். இந்தக் கை தடவித் தேடியிருக்கு. சாவி ஓட்டை, அதே கதைதான். அடுப்புத் திருகுல வெட்டு போட்டிருக்கீங்களே, எங்க நிறுத்தணும்னு விரலுக்குத் தெரியறதுக்காக. எங்க பெரியப்பாவும் போட்டிருந்தார். நீங்க யாரோ ஒருத்தரைப் பக்கத்துல இருந்து கவனிச்சிருக்கீங்க. இல்லன்னா இப்படி வராது."

"ஆமா சார்" என்றாள். "பக்கத்துல இருந்துதான்."

பளபளா அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் அவள் பையைக்கூட எடுக்கவில்லை. அவன்தான் ஓடிவந்து கொடுத்தான். "அன்னிக்கு நான் குடிகாரன்னு..." என்று ஆரம்பித்தான். அவள் கையை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

அம்மா வீட்டுக் கதவுக்குத் தன்னிடம் இருந்த சாவியைப் போட்டாள். அவசரத்தில் அவளும் ஒரு கீறல் போட்டாள். உள்ளே போய் நடையின் முனையில் நின்றாள். பேசவில்லை. வேண்டுமென்றேதான்.

படுக்கை அறையிலிருந்து அம்மா வந்தாள். இடது கை சுவரில் இருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே விரல்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. நடையில் நல்ல வெளிச்சம். முகத்தை நேராக மகள் பக்கம் திருப்பி அம்மா கேட்டாள்.

"யாரு?"

அவள் வாயைத் திறக்கவில்லை.

"யாரு அது, பேசாம நிக்கறது? எதிர்வீட்டுல ஆளு இருக்காங்க, கூப்பிட்டுடுவேன்."

இரண்டு கைகளாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா பின்னால் ஒரு எட்டு வைத்தாள். அதற்குமேல் மகளால் முடியவில்லை.

"நான்தாம்மா."

"சனியனே! உசுரே போச்சு. இன்னிக்கு என்ன லீவா?"

"அம்மா, நான் என்ன கலர் போட்டிருக்கேன்?"

"இது என்ன பரீட்சை?"

"சொல்லும்மா."

"எப்பவும் போடறதுதான். பெரிய ரதி, கலர் கேக்க வந்துட்டா."

"அம்மா."

அம்மா கொஞ்ச நேரம் முகத்தை அப்படியும் இப்படியும் சாய்த்தாள். "நீலம்" என்றாள்.

அவள் மஞ்சளில் இருந்தாள். பளிச்சென்ற மஞ்சள்.

பதில் வராததிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எதையும் மறைக்காமல் தடவினாள்.

"யாரு சொன்னது?"

"உன் சுவர்."

"ஓஹோ, அதுக்கு வாய் வேற வந்துடுச்சா?"

"விளையாடாதே. எப்பலேர்ந்து இப்படி?"

"தேதியா குறிச்சு வச்சிருக்கேன்? ஓரத்துலேர்ந்து இருட்டிக்கிட்டே வந்தது. இப்ப நடுவுல கொஞ்சம் இருக்கு. நீ வெளிச்சத்துல நின்னா ஒரு ஆளு நிக்கறது தெரியும். ஆணா பொண்ணான்னு நீ பேசினாத்தான்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா? உங்கண்ணன் என்னை மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிருப்பான். அங்க போய் யாரு வீட்டுச் சுவரை நான் தடவறது?"

"நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"போயிருப்ப." அம்மா மடியில் இருந்த கைகளைத் திருப்பிப் பார்த்தாள், பார்ப்பதைப்போல. "சொல்லணும்னுதான் இருந்தேன். முதல்ல தூசிதான் தெரியாமப் போச்சு. அன்னிக்கு நீ வந்து அடுப்புக்குப் பின்னாடி எட்டிப் பாத்து, 'ஐயோ அம்மா, எவ்வளவு அழகான பிசுக்கு, தொடைச்சிடாதே'ன்ன. எனக்கு அங்க பிசுக்கு இருக்கறதே தெரியாது. மானம் போன மாதிரி இருந்துச்சு. உனக்காகத்தான் வச்சிருக்கேன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உன் குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். அடுத்த வாரமும் வந்த. அதுக்கடுத்த வாரமும் வந்த."

"அதனால?"

"அதனால என்ன அதனால? அதுக்கு முன்னாடி நீ எப்ப வந்த, சொல்லு பாப்பம்."

மகள் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்த இடம் கோடு.

"நான் அழுக்குக்காக மட்டும்தான் வந்தேன்னு நினைச்சியாம்மா?"

"வேற எதுக்கு வந்த?" என்றாள் அம்மா. குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எந்தக் கறையைக் காட்டினாலும் அது எதற்காக வந்தது என்று சொல்லிவிடுபவளுக்கு, தான் எதற்காக வந்தோம் என்று சொல்ல வரவில்லை.

கண் டாக்டர் நல்லவர். விளக்கு அடித்து, சொட்டு விட்டு, காத்திருக்க வைத்து, மறுபடி விளக்கு அடித்தார்.

"போனது திரும்பாதும்மா. இருக்கற கொஞ்சத்தைப் பிடிச்சு வைக்க முடியுமான்னு பாக்கலாம். போன வருஷமே வந்திருந்தா நிறைய மிஞ்சியிருக்கும்."

போன வருஷம். அவளுடைய கம்ப்யூட்டரில் போன வருஷம் அம்மா வீட்டில் எடுத்த போட்டோக்கள் எல்லாம் இருந்தன. முதல் போட்டோவில் கோடு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று இருக்கும். வாரத்துக்கு வாரம் அது அழுத்தமாகிக்கொண்டே வந்ததை அவள் பளபளாவிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறாள். "பாரு, எப்படி வளருது பாரு!"

அம்மா எழுந்து கதவைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "டாக்டர், உங்க சுவத்துல என் கை பட்டுடுச்சு. தொடைக்கச் சொல்லிடுங்க. எங்க வீட்டுலதான் அழுக்கை வாங்கிக்க ஆளு இருக்கு."

திரும்பி வரும் வண்டியில் அம்மா அவளை உரசினாற்போல உட்கார்ந்துகொண்டாள். பிறகு முழங்கையால் இடித்தாள்.

"சினிமாவுல என் கோடு இருக்கில்ல?"

"இருக்கும்மா."

யோசிக்காமல் வந்த பதில். வந்தபிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

"குடு, நான் அழிச்சுடறேன்" என்றான் பளபளா. "அழுக்கு இருக்கற அந்த லேயரை ஆஃப் பண்ணினாப் போச்சு. கண்ணை மூடித் திறக்கற வேலை."

"வேணாம்."

அவள் லேயரை அணைக்கவில்லை. பிரஷ்ஷை எடுத்துச் சமையலறைப் பக்கத்திலிருந்து தொடங்கி, அந்தக் கை வந்த வழியே பின்னோக்கிப் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தாள். நிலைக்கட்டையில் ஏறும் இடத்தில் நான்கு விரல்களின் தடம் தனித்தனியாக இருந்தது. அங்கே நிறுத்திக்கொண்டு முகம் கழுவப் போனாள். வந்து மறுபடி துடைத்தாள். சுவிட்சைச் சுற்றித் துடைத்தாள். சாவி ஓட்டையைச் சுற்றித் துடைத்தாள். திருகில் இருந்த வெட்டை அடைத்தாள். கண் தெரிந்தவர்கள் சுவரைத் தொடுவதில்லை. கடைசியில், யாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டும் வாசல் பக்கத்தில் மட்டும் ஒரு கையின் மங்கலான தடம் மிஞ்சியது.

"பழசை வேற பேர்ல சேவ் பண்ணி வைக்கட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மா. இருக்கட்டுமேன்னு."

"அது அம்மா வீட்டுல நிஜமாவே இருக்குடா" என்றாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. டீ வாங்கிவந்து வைத்துவிட்டுப் போனான். அது ஆறிப்போனது.

அவள் தன் துணிமணிகளோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். அண்ணன் ஃபோனில் கத்தினான், பிறகு அழுதான், பிறகு சொட்டு மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். வந்த முதல் நாளே அடுப்படியைத் தேய்த்துக் கழுவினாள். ஈரத் துணியோடு நடைக்கு வந்தபோது அம்மா குரல் கொடுத்தாள்.

"கோட்டைத் தொடாதே."

"இனிமே எனக்கு வேணாம்மா."

"உனக்கு யாரு வச்சா? எனக்கு வேணும். கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கு. எங்க போய்க்கிட்டிருக்கேன்னு விரலுக்குத் தெரியுது."

அவள் துணியைப் பிழிந்து காயப் போட்டாள்.

படம் வந்ததும் அம்மா விடவில்லை. "டிவியில வரட்டும்மா" என்று மகள் சொல்லிப் பார்த்தாள். "என் சுவரை நான் பெரிசாப் பாக்கணும்" என்றாள் அம்மா. பார்க்கணும் என்ற சொல்லில் அவளுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பகல் காட்சிக்குப் போனார்கள். அம்மா பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். பார்டரைத் தடவியே எது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

இருட்டில் அம்மாவின் கை அவள் கையைத் தேடிப் பிடித்தது.

"இப்ப என்ன வருது?"

"ஜன்னல்கிட்ட உக்காந்திருக்காங்கம்மா. ஊசியில நூல் கோக்கறாங்க."

"கோத்துட்டாளா?"

"கோத்துட்டாங்க."

"கெட்டிக்காரி. இப்ப?"

"எழுந்து வர்றாங்க. நடை வருது."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் கோடு?"

திரை முழுக்கச் சுவர். வெயில் பட்டு, ஒரு மாசும் இல்லாமல், பால்நிறத்தில் நின்றது.

"வருதும்மா" என்றாள்.

"நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது. அவங்க கூடவே வருது. இப்ப கதவுகிட்ட விட்டுப் போய்... மறுபடி பிடிச்சுக்குது."

"நிலைக்கட்டையில ஏறுமே."

"ஏறுதும்மா."

அம்மாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. மறுபக்கத்து நாற்காலியில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவளுக்கு மூச்சிலேயே தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் என்று அவள் நினைத்துக்கொண்ட குரலில், "அது எங்க வீட்டுச் சுவர்ம்மா. என் பொண்ணு பாத்துப் பாத்து அப்படியே வரைஞ்சிருக்கா" என்றாள்.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல மனசுக்காரி.

"அப்படியாம்மா? எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க. ஒரு கை அழுக்குகூட இல்லையே!"

மகளின் கைக்குள் இருந்த விரல்கள் அசையாமல் நின்றன. திரையில் நடிகை சமையலறைக்குள் போய்விட்டார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவள் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினாலும் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை, இருந்தும் திரும்பவில்லை.

"ஆமாம்மா" என்றாள் அம்மா அந்தப் பெண்ணிடம். "நான் தினம் தொடைச்சுடுவேன். சுவத்துல யாரும் கை வைக்க விடமாட்டேன்."

பிறகு மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, விட்டுவிட்டு மறுபடி பிடித்து, தடவிக்கொண்டே இருந்தாள்.

"ம்" என்றாள். "அப்புறம் என்ன வருது, சொல்லு."